சி.எம்.ஏ. படிக்கலாமா? பணம் கட்டும் முன் தெரிய வேண்டியவை

பி.காம். படிக்கிறீர்கள், அல்லது ப்ளஸ் டூவில் வணிகவியல் எடுத்திருக்கிறீர்கள். சி.ஏ. வேண்டுமா, சி.எம்.ஏ. வேண்டுமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. சி.ஏ. என்றால் என்னவென்று எல்லாருக்கும் ஓரளவு தெரியும். இன்னொன்றைப் பற்றித்தான் தெளிவான பதில் கிடைப்பதில்லை. உங்களுக்கு வரக்கூடிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

இந்த வேலையில் என்னதான் செய்வார்கள்?

ஆடிட்டர் பெரும்பாலும் நடந்து முடிந்த கணக்கைச் சரிபார்ப்பவர். சி.எம்.ஏ. முடித்த மேலாண்மைக் கணக்காளர் (நிர்வாகம் முடிவெடுக்கத் தேவையான கணக்கைப் போட்டுத் தருபவர்) கம்பெனிக்குள்ளேயே இருந்து, எந்தப் பொருளில் லாபம், எந்த ஆர்டரை எடுக்கலாம், எங்கே காசு வீணாகிறது என்று பார்ப்பவர்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல், நிட்டிங், டையிங், பீஸ் ரேட் தையல் கூலி, பேக்கிங் எல்லாம் சேர்த்து 140 ரூபாய். கட்டட வாடகை, வங்கி வட்டி, ஆபீஸ் சம்பளம் ஆகியவற்றைப் பீஸ் கணக்கில் பிரித்துப் போட்டால் இன்னும் 40 ரூபாய். ஆக, அடக்கவிலை 180. பையர் 160 ரூபாய்க்குக் கேட்கிறார். பீஸுக்கு 20 ரூபாய் நஷ்டம் என்று முதலாளி மறுக்கப் பார்க்கிறார்.

அந்த மாதம் மெஷின் சும்மா நிற்கிறதா என்று நீங்கள் கேட்க வேண்டும். நிற்கிறது என்றால், ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் வாடகையும் வட்டியும் கட்டித்தான் ஆக வேண்டும். 160-இல் 140 போக மிஞ்சும் 20 ரூபாய் அதில் ஒரு பங்கையாவது ஈடுகட்டும். இந்த 20 ரூபாய்தான் கான்ட்ரிபியூஷன் (உற்பத்தியோடு கூடிக் குறையும் செலவு போக, விலையில் மிஞ்சுவது). ஆர்டரை எடுக்கலாம். மெஷின் ஏற்கெனவே முழுக்க ஓடுகிறது என்றால், நல்ல விலை ஆர்டரைத் தள்ளிவிட்டு இதை எடுத்ததாகிவிடும்; வேண்டாம். அடுத்த சீசனிலும் அதே பையர் 160-ஐயே பிடித்துக்கொள்வாரா என்பதையும் சேர்த்துச் சொன்னால், நீங்கள் நல்ல கணக்காளர்.

சி.ஏ. போல இதற்குச் சட்ட அங்கீகாரம் உண்டா?

உண்டு. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்தியக் காஸ்ட் அக்கவுன்டன்ட்ஸ் நிறுவனம் இந்தப் படிப்பை நடத்துகிறது. தலைமையகம் கொல்கத்தாவில். தென்மாநிலங்களுக்கான மண்டலக் குழு சென்னையில். வீட்டுப் பெரியவர்கள் ஐ.சி.டபிள்யூ.ஏ. என்று சொல்வதும் இதைத்தான். 2012-இல் நிறுவனத்தின் பெயர் மாறியது.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு, சில தொழில்களில் குறிப்பிட்ட அளவைத் தாண்டி விற்பனை செய்யும் கம்பெனிகளுக்குக் காஸ்ட் ஆடிட் (உற்பத்திச் செலவுக் கணக்கின் தணிக்கை) செய்ய வழிசெய்கிறது. மருந்து, சர்க்கரை, உரம், மின்சாரம், பெட்ரோலியம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அதில் கையெழுத்திடும் உரிமை, தொழில் நடத்தச் சான்று பெற்ற காஸ்ட் அக்கவுன்டன்டுக்கே. ஆனால் கம்பெனியின் வழக்கமான ஆண்டுத் தணிக்கையும் வருமான வரித் தணிக்கையும் சி.ஏ. கையில்தான் இருக்கின்றன. சொந்த ஊரில் ஆடிட்டர் ஆபீஸ் போட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், சி.ஏ.வே பொருத்தம்.

கோச்சிங் சென்டர் பலகையில் எல்லாம் சி.எம்.ஏ. என்றுதானே இருக்கிறது?

பலர் ஏமாறும் இடம் இது. அமெரிக்காவின் ஐ.எம்.ஏ. அமைப்பு நடத்தும் படிப்புக்கும் பெயர் சி.எம்.ஏ.தான். அதில் இரண்டே தாள்கள், கட்டணம் டாலரில். பன்னாட்டுக் கம்பெனிகளின் நிதிப் பிரிவிலும் வளைகுடா வேலைகளிலும் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதை வைத்து இந்தியாவில் காஸ்ட் ஆடிட்டில் கையெழுத்துப் போட முடியாது. கோச்சிங் சென்டரில் முதல் கேள்வியாக “இது இந்திய சி.எம்.ஏ.வா, அமெரிக்க சி.எம்.ஏ.வா?” என்று கேளுங்கள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

யார் சேரலாம்?

ப்ளஸ் டூ முடித்தவர்கள், எந்தப் பிரிவானாலும், ஃபவுண்டேஷன் (தொடக்க நிலை) எழுதலாம். பட்டதாரிகள் அதைத் தாண்டி நேரே இன்டர்மீடியட்டில் (இடைநிலை) சேரலாம். பள்ளியில் கணிதம் எடுக்காதவர்களும் சேரலாம். ஃபவுண்டேஷனில் ஒரு தாள் வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தேர்வு எப்படி இருக்கும்?

ஃபவுண்டேஷனில் 4 தாள்கள், இன்டர்மீடியட்டில் 8, ஃபைனலில் 8. மேல் இரண்டு நிலைகளிலும் நான்கு நான்காக இரண்டு குரூப். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு.

ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். நான்கு தாளிலும் நாற்பது நாற்பது எடுத்தால் மொத்தம் 160, தேவையோ 200. எல்லாத் தாளிலும் பாஸ், ஆனால் ரிசல்ட் ஃபெயில்! வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஆகவே ஒரு தாளையாவது பலமாக வைத்துக்கொள்ள வேண்டும். குரூப்பில் எல்லாத் தாள்களையும் எழுதி ஒன்றில் 60 வாங்கிவிட்டால், குரூப் தேறாவிட்டாலும் அந்தத் தாளை அடுத்த முறை எழுதத் தேவையில்லை. கஷ்டம் என்று நினைத்து ஒரு தாளுக்குப் போகாமல் இருந்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். எனவே எப்படியும் போய் எழுதுங்கள்.

தமிழ் வழியில் படித்தேன், முடியுமா?

தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். கணக்குத் தாள்களில் மொழி பெரிய தடையல்ல. சட்டத் தாளில்தான் சிரமம். அதற்கு வழி, வாசிப்பதோடு நிறுத்தாமல், தினம் ஒரு விடையையாவது ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பது.

படிப்பு மட்டும் போதுமா?

போதாது. 15 மாத நடைமுறைப் பயிற்சி கட்டாயம். முடிந்தால் தொழிற்சாலை உள்ள இடத்தில் செய்யுங்கள். நூல் எவ்வளவு வேஸ்ட் ஆகிறது, மெஷின் ஏன் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தவர் போடும் கணக்குக்கும், வெறும் எக்செல் தாளைப் பார்த்துப் போடும் கணக்குக்கும் வித்தியாசம் உண்டு. அதற்காக எக்செலை விட்டுவிடாதீர்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளே அது வேண்டும்.

வேலை எங்கே கிடைக்கும்?

உற்பத்திக் கம்பெனிகளின் காஸ்டிங், பட்ஜெட் பிரிவுகளில். பொதுத்துறை நிறுவனங்கள் நிதி அதிகாரிப் பணிக்கு விளம்பரம் தரும்போது சி.ஏ.வோடு சி.எம்.ஏ.வையும் தகுதியாகக் கேட்பது வழக்கம். மத்திய அரசிலும் இந்தியக் காஸ்ட் அக்கவுன்ட்ஸ் பணி என்று தனிப் பிரிவே இருக்கிறது.

இப்போது என்ன செய்யலாம்?

டிசம்பர் தேர்வுக்கு ஜூலை 31-க்குள்ளும், ஜூன் தேர்வுக்கு ஜனவரி 31-க்குள்ளும் பதிவு செய்வது வழக்கம். தேதியையும் கட்டணத்தையும் நிறுவனத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். பதிவையும் அங்கேயே நீங்களே செய்துகொள்ளலாம். பாடப் புத்தகங்களும் அதில் இலவசமாகவே கிடைக்கின்றன. கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் காஸ்ட் அக்கவுன்டிங் பாடத்தை இறக்கி, இரண்டு வாரம் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடை வந்த பிறகும் “இந்தச் செலவு ஏன் இவ்வளவு?” என்று கேட்கத் தோன்றினால், தயங்காமல் சேருங்கள்.