களஞ்சியம் கைமாறும்போது: கிட்ஹப் விற்பனையும் நிரலாளர் உரிமைகளும்

மென்பொருளின் மூல நிரலைச் சேமித்து வைக்கவும், அதில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, ஏன் செய்தார் என்ற விவரத்துடன் பதியவும், ஒருவரையொருவர் அறியாத பலர் சேர்ந்து அதைத் திருத்தவும் இடமளிக்கும் இணையச் சேவை நிரல் சேமிப்புத் தளம் எனப்படுகிறது. 2008இல் தொடங்கப்பட்ட கிட்ஹப், அத்தகைய தளங்களுள் மிகப் பெரியதாக வளர்ந்து சுமார் 2.8 கோடி நிரலாளர்களைக் கொண்டிருந்த நிலையில், 750 கோடி டாலர் மதிப்புள்ள தன் பங்குகளைக் கொடுத்து அதை வாங்கப்போவதாக மைக்ரோசாப்ட் 2018 ஜூன் 4 அன்று அறிவித்தது. அந்தத் தளத்துக்கு மதிப்பைத் தேடித் தந்த நிரல்களை எழுதியவர்களுள் மிகப் பெரும்பாலோர் விற்றவர் பக்கமும் இல்லை, வாங்கியவர் பக்கமும் இல்லை. அவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயமும் இருக்கவில்லை.

எழுந்த எதிர்வினை ஒரே குரலில் அமையவில்லை. ஒரு சாரார் உடனே போட்டித் தளமான கிட்லேப்புக்குத் தம் களஞ்சியங்களை, அதாவது கோப்புகளும் அவற்றின் முழு மாற்ற வரலாறும் அடங்கிய தொகுப்புகளை, எடுத்துச் சென்றனர். நாள்தோறும் வந்துசேரும் களஞ்சியங்கள் வழக்கத்தைவிடப் பத்து மடங்கு பெருகிவிட்டதாக கிட்லேப்பே அறிவித்தது. அப்போது கிட்லேப்பின் சேவை மைக்ரோசாப்டின் அஷூர் கணினிகளில்தான் இயங்கியது, 2018 ஆகஸ்டில்தான் கூகுளின் கணினிகளுக்கு மாறியது என்பதைப் பார்க்கும்போது, கோபித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்தவர்கள் இரண்டு மாதம் அதே உரிமையாளரின் இன்னொரு வீட்டில் குடியிருந்தனர் என்றே சொல்லத் தோன்றுகிறது. மற்றொரு சாரார், லினக்ஸ் அறக்கட்டளையின் தலைவர் ஜிம் ஸெம்லின் உட்பட, இந்த விற்பனையை வரவேற்றனர். 2001இல் லினக்ஸைப் புற்றுநோயுடன் ஒப்பிட்ட ஸ்டீவ் பால்மரின் மைக்ரோசாப்டும், திறந்த மூல மென்பொருளை வணிகத்தின் ஒரு தூணாக்கிக்கொண்ட சத்ய நாதெல்லாவின் மைக்ரோசாப்டும் ஒன்றல்ல என்பது அவர்களின் வாதம்.

வெளியேறியவர்களின் அச்சத்தை வெறும் பழைய பகை என்று தள்ளிவிட முடியாது. அதற்கு அண்மைக்கால முன்னுதாரணம் ஒன்று இருந்தது. கிட்ஹப்புக்கு முன் திறந்த மூலத் திட்டங்களின் முதன்மை இருப்பிடமாக விளங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ், 2012இல் டைஸ் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, பதிவிறக்கப்படும் மென்பொருள்களின் நிறுவிகளோடு விளம்பர மென்பொருள்களையும் சேர்த்துக் கொடுக்கும் வணிகத்தை 2013இல் தொடங்கியது. படங்களைத் திருத்தப் பயன்படும் கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருளின் ஆக்குநர்கள் அதே ஆண்டில் தளத்தை விட்டு விலகினர். ஆனால் அங்கேயே கிடந்த அதன் விண்டோஸ் பதிப்புக்கான பக்கத்தைத் தளமே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, விளம்பரம் செருகிய நிறுவிகளை கிம்ப்பின் பெயரிலேயே வழங்கியது 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2016இல் தளம் மீண்டும் கைமாறிய பின்னரே அந்த வணிகம் முடிவுக்கு வந்தது. இங்கே கிம்ப்பின் நிரலை எவரும் திருடவில்லை. பறிபோனவை ஒரு திட்டத்தின் பெயரும், மக்கள் அதைத் தேடி வரும் முகவரியும், அந்த முகவரியின் மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையும். உரிமையாளர் மாறும்போது எது ஆபத்துக்குள்ளாகிறது என்ற கேள்விக்கான விடை இதிலேயே பெருமளவு அடங்கியிருக்கிறது.

நிரல் தொலைந்துபோகும் என்ற அச்சத்துக்கு உண்மையில் இடம் குறைவு. கிட்ஹப்புக்கு அடித்தளமாக உள்ள கிட் என்ற கருவியே இப்படிப்பட்ட ஒரு நெருக்கடியில் பிறந்தது: லினக்ஸ் கருநிரலை உருவாக்குவோர் 2002 முதல் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற தனியுடைமை மென்பொருளின் இலவச உரிமம் 2005இல் திரும்பப் பெறப்பட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாக கிட்டை எழுதினார். களஞ்சியத்தைத் தம் கணினிக்கு முழுமையாகப் படியெடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் வந்துசேரும் வகையில் அது அமைந்திருப்பதால், தளம் நாளையே மூடப்பட்டாலும் நிரல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பயனர்கள் தெரிவித்த பிழைகளின் பட்டியல், ஒரு மாற்றத்தை ஏற்பதா மறுப்பதா என்று நடந்த விவாதங்கள், நன்கொடை ஏற்பாடுகள், தானியங்கிச் சோதனை அமைப்புகள், பங்களித்தவர்களின் கணக்குகள் ஆகியவை கிட்டுக்குள் இல்லை. அவை தள நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. நிரல் ஏன் இப்படி எழுதப்பட்டது என்ற நினைவு பெரும்பாலும் அங்கேதான் வாழ்கிறது.

சட்ட நிலையும் ஏறத்தாழ இதே கோட்டில்தான் பிரிகிறது. கிட்ஹப்பின் சேவை விதிமுறைகளின்படி, பயனர் பதிவேற்றும் நிரலின் உரிமை அவரிடமே இருக்கிறது. அதைச் சேமிக்கவும் காட்டவும் சேவைக்குத் தேவையான அளவு பயன்படுத்தவும் மட்டுமே நிறுவனம் அனுமதி பெறுகிறது, அதை விற்கும் உரிமை அந்த அனுமதியில் அடங்காது. அதே விதிமுறைகளில், இந்த ஒப்பந்தத்தைப் பயனரின் சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்ற பிரிவும் இருக்கிறது, பெரும்பாலோர் அதைப் படிக்காமலேயே ஒப்புதல் தருகிறார்கள். ஆகவே உரிமையாளர் மாற்றத்தை எதிர்த்து நீதிமன்றம் செல்லப் பயனருக்கு வழியில்லை; விதிமுறையில் பெரிய மாற்றம் வந்தால் 30 நாள் முன்னறிவிப்பு கிடைக்கும், பிடிக்காவிட்டால் வெளியேறலாம், அவ்வளவே.

இந்த விற்பனைக்கு 2018 அக்டோபரில் நிபந்தனையின்றி ஒப்புதல் அளித்த ஐரோப்பிய ஆணையமும் வெளியேறும் உரிமையையே நம்பியது. கிட்ஹப்பின் திறந்த தன்மையை மைக்ரோசாப்ட் குலைக்க முயன்றால் நிரலாளர்கள் வேறு தளத்துக்கு மாறிவிடுவார்கள், அவ்வாறு மாற அவர்களுக்கு விருப்பமும் வசதியும் உண்டு என்பது ஆணையம் சொன்ன முக்கியக் காரணங்களுள் ஒன்று. எல்லோரும் ஒரே இடத்தில் கூடியிருப்பதால் அந்த இடத்தை விட்டு விலகுவது கடினமாகிறது என்ற உண்மைக்கு இந்த வாதத்தில் போதிய இடம் தரப்படவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டுகளில் நடந்தவை இரு தரப்பையும் முழுமையாக மெய்ப்பிக்கவில்லை. பிறர் பார்க்க முடியாத தனிப்பட்ட களஞ்சியங்கள் 2019 முதல் இலவசமாயின. சோர்ஸ்ஃபோர்ஜ் செய்ததைப் போன்ற எதுவும் நிகழவில்லை. மறுபுறம், 2019 ஜூலையில் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளின் பெயரில் ஈரான், சிரியா, கிரீமியா ஆகிய பகுதிகளின் பயனர்களுக்குத் தனிப்பட்ட களஞ்சியங்கள் தடுக்கப்பட்டன. ஈரானியருக்கு 2021 ஜனவரியில்தான் முழுச் சேவை திரும்பியது. தளம் யாருடையதாக இருந்தாலும் அமெரிக்கச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தியிருக்கும் என்பதால் இதை மைக்ரோசாப்டின் கணக்கில் எழுதுவது பொருந்தாது, எனினும் தளத்தில் வைத்தது எப்போதும் கைக்கெட்டும் என்ற உறுதி இல்லை என்ற பாடம் தெளிவாகவே இருக்கிறது.

உண்மையான மோதல் கோபைலட் என்ற சேவையால் வந்தது. பொதுவெளியில் உள்ள நிரல்களைக் கொண்டு பயிற்றப்பட்டு, நிரலாளர் எழுதும்போதே அடுத்த வரிகளை முன்மொழியும் இந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவி 2021இல் சோதனைக்கு வந்து, 2022 ஜூனில் கட்டணச் சேவையாயிற்று. எம்ஐடி உரிமம் போன்ற தாராளமான உரிமங்கள்கூட ஆசிரியரின் பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருக்கக் கோருகின்றன. ஜிபிஎல் உரிமமோ, பெறப்பட்ட நிரலைப் பிறருக்கு வழங்கும்போது அதே உரிமத்தில் வழங்க வேண்டும் என்கிறது. கோபைலட் தரும் வரிகளில் இவ்விரண்டுமே காணாமல் போகின்றன என்பது குற்றச்சாட்டு. சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு தளத்தை விட்டு விலகும்படி அதே மாதம் அழைப்பு விடுத்தது. நவம்பரில் பெயர் வெளியிடாத நிரலாளர்கள் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர்; பதிப்புரிமைக் குறிப்பை நீக்கியது பற்றிய கோரிக்கைகள் தள்ளுபடியாகி மேல்முறையீட்டுக்குச் சென்றன. பொதுவெளியில் இருக்கும் நிரலை எந்த நிறுவனமும் திரட்டிப் பயிற்சிக்குப் பயன்படுத்த முடியும் என்பதால், கிட்ஹப்பை விட்டு நீங்குவது மட்டும் இதற்குத் தீர்வாகாது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிரலாளர் தாமே செய்துகொள்ளக்கூடிய காப்புகளுள் முதன்மையானது உரிமக் கோப்பு. அது இல்லாத நிரலைப் பொதுவெளியில் வைத்தாலும் பிறர் தம் மென்பொருளில் பயன்படுத்தும் உரிமை பெறுவதில்லை. இருந்தால், அதன் நிபந்தனைகளை மீறுவோர் மீது பதிப்புரிமை வழக்கே தொடுக்கலாம் என்பதை ஜேக்கப்சன் எதிர் காட்ஸர் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் உறுதிசெய்தது. ஓபன்-தமிழ் போன்ற தமிழ்க் கணிமைத் திட்டங்களும் கிட்ஹப்பிலேயே இருப்பதால் இந்தியச் சட்டத்தையும் நோக்க வேண்டும்: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது, எழுத்துவழி ஆவணமும் கையொப்பமும் இன்றி உரிமை கைமாறாது, ஆனால் வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் வேலை தருபவரே. பதிவேற்றுவதற்கு முன் நிரல் யாருடையது என்று பார்த்துக்கொள்வது அதனால் அவசியமாகிறது.

பதிப்புரிமைப் புகாரின் பேரில் நிரல் தவறாக முடக்கப்பட்டால் எதிர் அறிவிப்பு அனுப்பலாம்; புகார் செய்தவர் வழக்குத் தொடுக்காவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் அதைத் திரும்ப வைக்க அமெரிக்கச் சட்டம் வகை செய்கிறது. 2020 அக்டோபரில் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் அளித்த புகாரால் நீக்கப்பட்ட யூடியூப்-டிஎல் என்ற காணொளிப் பதிவிறக்கக் கருவி அடுத்த மாதமே மீண்டது. இவற்றுக்கு அப்பால், களஞ்சியத்தின் முழுப் படியை இன்னொரு தளத்திலும் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருத்தல், பிழைப் பட்டியலையும் விவாதங்களையும் அவ்வப்போது ஏற்றுமதி செய்தல், பதிவிறக்கப் பக்கத்தைத் தளத்தின் முகவரியில் அல்லாமல் திட்டத்தின் சொந்த இணைய முகவரியில் அமைத்தல், நிர்வாக உரிமையை ஒருவருக்கு மேற்பட்டோரிடம் பகிர்தல் ஆகியவை அதிகச் செலவில்லாத காப்புகள். கிம்ப்புக்கு நேர்ந்ததை இவற்றுள் கடைசி இரண்டும் சேர்ந்தே பெருமளவு தடுத்திருக்கும்.

எவ்வளவு எடுத்துச்செல்ல முடியும் என்பதற்கு ஸிக் என்ற நிரல்மொழி சான்றாகிறது. 2025 நவம்பரில் அத்திட்டம், பெர்லினிலுள்ள லாபநோக்கற்ற சங்கமான கோட்பெர்க் நடத்தும் தளத்துக்கு மாறியது. நிரலும் வரலாறும் சிக்கலின்றிச் சென்றன. பழைய பிழைப் பட்டியல் கிட்ஹப்பிலேயே விடப்பட்டது. கிட்ஹப் வழியாக நன்கொடை தந்துவந்தவர்களோ வேறு வழிக்குத் தாமாகவே மாறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர்.