திரும்பி ஓடியவர்

1970 உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் இதைச் சொல்வார்: "பெலே, டோஸ்டாவ், ஜெர்சன், ரிவெலினோ, ஜைர்சின்ஹோ... இத்தனை பேர் கையில் இருந்தால் கோச் எதுக்கு சார்? நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாலே கப் வந்துடுமே!"

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த உடற்கல்வி ஆசிரியன் நான். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று வரும். நன்றாக ஆடத் தெரிந்த ஐந்து பையன்களை ஒரே அணியில் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஐந்து மாப்பிள்ளைகளை ஒரே பந்தியில் உட்காரவைத்து, ஒருவர் முகமும் கோணாமல் பரிமாறுகிற வேலை அது. அதைச் செய்த மனிதரின் பெயர் மாரியோ ஜகாலோ. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் இல்லை. அந்த அணிக்கு அவர் கொடுத்த சரக்கு, அவரே ஆட்டக்காரராக இருந்தபோது ஓடி ஓடிச் சேர்த்தது.

பிரேசிலின் வடகிழக்கில் அலகோவாஸ் மாநிலத்தில் 1931 ஆகஸ்ட் 9 அன்று பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ரியோ டி ஜெனிரோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 1950 ஜூலை 16 அன்று மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே கோப்பை என்ற நிலையில் பிரேசில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றது. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் அழுதபடி வீடு திரும்பிய அந்த நாளில், மைதானத்தில் காவல் பணிக்கு நிறுத்தப்பட்ட படைவீரர்களில் பதினெட்டு வயது ஜகாலோவும் ஒருவர். கட்டாய ராணுவ சேவையில் இருந்த பையன். அந்தத் தோல்வியைச் சீருடையில் நின்று பார்த்தவர், எட்டு வருஷம் கழித்து அதே நாட்டுக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கிக்கொடுத்த பதினோரு பேரில் ஒருவராக ஆனார்.

ஆனதும் சுலபமாக இல்லை. தொடக்கத்தில் அவர் ஆடியது நடுவில், பத்தாம் எண் ஆட்டக்காரர்கள் ஆடும் இடத்தில். பிரேசிலில் அந்த இடத்துக்குத் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். தேசிய அணிக்குப் போக வேண்டுமானால் கூட்டம் குறைந்த வரிசையில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டு இடது விங்குக்கு மாறினார். அங்கேயும் முன்னால் ஒருவர் நின்றார்: சாண்டோஸ் கிளப்பின் பெப்பே. அந்த கிளப்புக்காக 400-க்கும் மேல் கோல் அடித்தவர், பீரங்கி மாதிரி இடது கால். 1958-லும் 1962-லும் போட்டிக்கு முன்னால் பெப்பேவுக்குக் காயம். இரண்டு தடவையும் ஜகாலோ உள்ளே போனார். அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போன பிறகு அவர் செய்தது அதிர்ஷ்டத்தில் சேராது.

அப்போது பிரேசில் ஆடியது 4-2-4 என்ற அமைப்பு. பின்னால் நான்கு பேர், நடுவில் இரண்டு பேர், முன்னால் நான்கு பேர். முன்னால் நான்கு பேர் நின்றால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் பந்தை எதிரணி பிடுங்கிவிட்டால் நடுமைதானத்தில் இரண்டே இரண்டு பேர் அல்லாடுவார்கள். வலது பக்கம் கரிஞ்சா. அவரைப் பின்னால் வந்து டிஃபென்ஸ் ஆடச் சொல்ல யாருக்கும் மனசு வராது, சொன்னாலும் அவர் கேட்க மாட்டார். ஆக, இடது பக்க விங்கர் இறங்கிவர வேண்டியதாயிற்று. பந்து நம்மிடம் இருந்தால் முன்னால் நாலாவது ஆள். பந்து போனால் நடுவில் மூன்றாவது ஆள். தொண்ணூறு நிமிஷமும் இந்த ஏற்ற இறக்கம். நாலு-ரெண்டு-நாலு அவர் கால்களாலேயே நாலு-மூணு-மூணு ஆனது. பிரேசில்காரர்கள் அவருக்குக் குட்டி எறும்பு என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

ஸ்டாக்ஹோம் பக்கத்தில் ராசுண்டா மைதானத்தில் நடந்த 1958 இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனை 5-2 என்று பிரேசில் வென்றது. நான்காவது கோல் ஜகாலோவுடையது. ஆனால் அந்த ஆட்டத்தின் படத்தைப் பார்க்கிறவர்கள் பதினேழு வயசு பெலேயையும் கரிஞ்சாவையும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். என் மாணவர்களிடம் நான் சொல்வது: ஒரு தடவை பந்தைப் பார்க்காதே, இடது பக்கம் 7 போட்டிருக்கும் ஒல்லி மனிதரை மட்டும் பார். (இடது விங்கருக்கு ஏன் 7 என்று கேட்காதீர்கள். அந்தப் போட்டியில் பிரேசிலின் எண்கள் எல்லாமே தாறுமாறு. கோல்கீப்பர் கில்மாருக்கு 3.) நான்கு வருஷம் கழித்து சிலியில், இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயம்பட்டு வெளியேறினார். கரிஞ்சா அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். ஜகாலோ வழக்கம்போல் மேலும் கீழும் ஓடினார். இரண்டாவது கோப்பை.

ஓய்வுக்குப் பிறகு தன் கிளப்பான பொட்டாஃபோகோவுக்கே கோச் ஆகி, 1967, 1968 இரண்டு வருஷமும் ரியோ மாநிலப் பட்டத்தை வாங்கிக்கொடுத்தார். பிறகு வந்தது 1970 மார்ச். தேசிய அணியின் கோச் ஜுவாவ் சல்டான்யா பத்திரிகையாளர், இடதுசாரி, யாருக்கும் அடங்காதவர். தகுதிச் சுற்றில் ஆறு ஆட்டத்திலும் ஜெயித்துக் காட்டியிருந்தார். ஆனால் ராணுவ ஆட்சியோடு உரசல். அதிபர் மெடிசிக்குப் பிடித்தமான டாரியோ என்ற முன்கள வீரரை எடுக்க மறுத்ததும் அதில் ஒன்று. போதாததற்குப் பெலேயோடும் மனக்கசப்பு. உலகக் கோப்பைக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது அவரை நீக்கிவிட்டு, 38 வயது ஜகாலோவை உட்காரவைத்தார்கள். ஜகாலோ டாரியோவை அணியில் சேர்த்துக்கொண்டார். மெக்சிகோவில் ஒரு நிமிஷம்கூட இறக்கவில்லை. இதைக் கோழைத்தனம் என்றும் சொல்லலாம், சாமர்த்தியம் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

பெலேயும் டோஸ்டாவும் ஒரே அணியில் ஆட முடியாது, இருவரும் ஒரே இடத்துக்கு வருகிறவர்கள் என்பது அப்போதைய பேச்சு. ஜகாலோவே முதலில் டோஸ்டாவைப் பெலேயின் மாற்று ஆளாகத்தான் நினைத்திருந்தார். டோஸ்டாவுக்கு முந்தைய வருஷம்தான் பந்து பட்டு விழித்திரை விலகி, அமெரிக்காவில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. பயிற்சி ஆட்டங்களைப் பார்த்தபின் ஜகாலோ முடிவை மாற்றினார். டோஸ்டாவை நடு முன்களத்தில் நிறுத்தி, கோல் அடிப்பதைவிட எதிரணி டிஃபென்ஸை இழுத்து இடம் உண்டாக்கும் வேலையைக் கொடுத்தார். நடுமைதானத்தில் ஆடிவந்த பியாசாவைப் பின்வரிசைக்கு இறக்கினார். பின்னாலிருந்தே பந்து சுத்தமாகக் கிளம்பட்டும் என்று. இடது பேக் எவரால்டோ தன் இடத்திலேயே நிற்க வேண்டும். வலது பேக் கார்லோஸ் அல்பெர்டோ மேலே ஏறலாம். இடது விங்? அங்கே ரிவெலினோ. விங்கர் இல்லை, மிட்ஃபீல்டர். பந்து போனால் உள்ளே இறங்கிவர வேண்டும். 1958-ல் தான் செய்த வேலையை, தன்னைவிடப் பத்து மடங்கு பலமாக ஷாட் அடிக்கத் தெரிந்தவரிடம் ஒப்படைத்தார்.

மூத்த வீரர்கள்தான் அணியைத் தேர்ந்தெடுத்தார்கள், ஜகாலோ தலையாட்டினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஜெர்சனும் பெலேயும் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது குறையா? கேட்காத கோச்சுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அணி சீக்கிரமே மெக்சிகோவுக்குப் போய், மலைநாட்டின் மெல்லிய காற்றுக்கு உடம்பைப் பழக்கியது. உடற்பயிற்சிக் குழுவில் கார்லோஸ் அல்பெர்டோ பரைரா என்ற இளைஞரும் இருந்தார். பெயரை நினைவில் வையுங்கள். பலன் கணக்கில் தெரிகிறது: ஆறு ஆட்டங்களில் பிரேசில் அடித்த 19 கோல்களில் 12 இரண்டாம் பாதியில் வந்தவை. மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும் நேரத்தில் இவர்கள் கோல் அடித்தார்கள். ஜைர்சின்ஹோ ஆறு ஆட்டத்திலும் கோல் அடித்தார்.

இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராக 86-வது நிமிஷத்தில் விழுந்த நான்காவது கோலை உலகமே பார்த்திருக்கிறது. பெலே நிதானமாக வலது பக்கம் உருட்டிவிட, கார்லோஸ் அல்பெர்டோ ஓடிவந்து அடித்த அடி. அந்தப் படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பாருங்கள். பந்தை இத்தாலியிடமிருந்து பறித்தது யார்? முன்கள வீரரான டோஸ்டாவ், தன் அணியின் பாதியில், டிஃபெண்டர் நிற்க வேண்டிய இடத்தில். 3-1 என்று முன்னால் இருக்கும்போது, ஆட்டம் முடிய நாலே நிமிஷம் இருக்கும்போது, திரும்பி ஓடிவந்திருக்கிறார். குளோடோவால்டோ நான்கு பேரை ஏய்த்து ரிவெலினோவுக்குக் கொடுக்க, பந்து இடது ஓரத்தில் ஜைர்சின்ஹோவுக்குப் போகிறது. அவர் வலது விங்கர். அங்கே என்ன வேலை? இத்தாலியின் இடது பேக் ஃபக்கெட்டி, ஆளோடு ஆளாக ஒட்டி மார்க் பண்ணுகிறவர். ஜைர்சின்ஹோ இடம் மாறிப் போனால் அவரும் கூடவே போவார், அந்தப் பக்கம் தெருவே காலியாகும் என்று ஜகாலோ ஆட்டத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். காலியான தெருவில்தான் கார்லோஸ் அல்பெர்டோ வந்தார். கோச் எதுக்கு சார் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கோலைப் போட்டுக்காட்டுவேன்.

ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் உலகக் கோப்பையை வென்ற முதல் மனிதர் ஆனார்.

1974-ல் மேற்கு ஜெர்மனியில் கதை வேறு. பெலேயும் ஜெர்சனும் டோஸ்டாவும் இல்லை. முதல் இரண்டு ஆட்டத்தில் கோலே இல்லை. டார்ட்மண்டில் க்ரைஃபின் நெதர்லாந்து 2-0 என்று சாய்த்தது. பிரேசில் காலை உடைக்கிற ஆட்டம் ஆடி, லூயிஸ் பெரேரா வெளியேற்றப்பட்டார். கசப்பு என்னவென்றால், ஜகாலோ ஒருவராகச் செய்த ஏற்ற இறக்கத்தை நெதர்லாந்தில் பத்துப் பேரும் செய்தார்கள். நான்காம் இடத்தோடு ஊர் திரும்பினார். அதன்பின் குவைத், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் என்று வளைகுடாவில் பல வருஷம். அமீரகத்தை 1990 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறச் செய்தார். போட்டிக்கு முன்பே வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். இத்தாலிக்கு அந்த அணியைக் கூட்டிப்போனவர் பரைரா. 1994-ல் பிரேசிலுக்கு அதே பரைரா கோச், ஜகாலோ தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர். பசதேனாவில் இத்தாலியைப் பெனால்டியில் வென்றது நான்காவது கோப்பை. நான்கிலும் இருந்த ஒரே மனிதர் ஜகாலோ.

அவருடைய 13 பைத்தியத்தைச் சொல்லாமல் விட்டால் பிரேசில்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மனைவி அல்சினா புனித அந்தோனியாரின் பக்தை. அந்தோனியார் திருநாள் ஜூன் 13. கல்யாணம் ஜனவரி 13. குடியிருப்பு பதின்மூன்றாவது மாடி. 1994-ன் கடைசி இரண்டு எண்ணைக் கூட்டினால் 13 என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பந்து இல்லாத இடத்தைப் பார்த்துத் திட்டம் போடும் மனிதருக்கு இப்படியும் ஒரு பக்கம்.

மறுபடி பிரேசிலின் கோச்சாகி, 1997-ல் பொலிவியாவில் கோப்பா அமெரிக்காவை வென்றதும், தன்னைக் கிழடு என்று எழுதிக்கொண்டிருந்த நிருபர்களின் கேமராவைப் பார்த்து, "நீங்கள் என்னை விழுங்கித்தான் ஆக வேண்டும்!" என்று கத்தினார். அடுத்த வருஷம் பிரான்ஸில், 66 வயதில், அரையிறுதிப் பெனால்டிக்கு முன் ஒவ்வொரு வீரரிடமும் போய் முகத்துக்கு நேராக நின்று உசுப்பேற்றினார். நெதர்லாந்து தோற்றது. இறுதி ஆட்டத்தன்று மத்தியானம் ரொனால்டோவுக்கு வலிப்பு. முதலில் கொடுத்த பட்டியலில் அவருக்குப் பதில் எட்முண்டோவின் பெயர். மருத்துவமனையிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்த ரொனால்டோ ஆடுவேன் என்று நின்றதும் பட்டியல் மாறியது. தூர்தர்ஷனில் நள்ளிரவு தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ரொனால்டோ தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தார் என்பதைத் தவிர. பிரான்ஸின் ஜிதேன் இரண்டு கார்னரில் இரண்டு தலையடி. 3-0. பின்னாளில் நாடாளுமன்ற விசாரணைக் குழு வரை போய் ஜகாலோ பதில் சொன்னார். உலகின் சிறந்த ஆட்டக்காரன் வந்து நின்று, மருத்துவர்களும் சரி என்று சொல்லும்போது யார் மறுத்திருப்பார்கள்? நான் மறுத்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் மறுத்து, தோற்றிருந்தால் அவர் ரியோவில் இறங்கியிருக்கவே முடியாது.

2024 ஜனவரி 5 அன்று 92 வயதில் காலமானார். இரண்டே நாளில் ஜெர்மனியின் பெக்கன்பவரும் போனார். ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் உலகக் கோப்பை வென்றவர்கள் மூவர்தான். அதில் இருவர் ஒரே வாரத்தில். மூன்றாமவர் திதியே டெஷாம்ப், 1998-ல் ஜகாலோவின் அணியைத் தோற்கடித்த பிரான்ஸின் கேப்டன். அவரும் மற்றவர்களுக்காக ஓடியே பேர் வாங்கியவர். தண்ணீர் சுமக்கிறவன் என்று பிரான்ஸ் ஆட்டக்காரர் கான்டோனா ஒருமுறை கிண்டல் செய்தார். 2018-ல் டெஷாம்ப் கோச்சாகக் கோப்பையை வென்றபோது, வலது பக்கம் எம்பாப்பேயை அவிழ்த்துவிட்டிருந்தார். இடது பக்கம் அவர் நிறுத்தியது மத்துய்தியை: விங்கர் இல்லை, மிட்ஃபீல்டர், பந்து போனதும் திரும்பி ஓடிவருகிறவர்.