காசின் தரமும் விலையும்

பாகூர்ப் பக்கத்து வயல் ஒன்றில் உழுங்கால், ஒரு செப்புக்காசு கொழுமுனையில் அகப்படுவதாகக் கொள்வோம். மண்ணை உதிர்த்துப் பார்த்தால், ஒருபுறம் லில்லி மலர்ச் சின்னமும், மறுபுறம் புதுச்சேரி என்னும் தமிழ் எழுத்துகளும் மங்கலாகத் தோன்றுகின்றன. அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வழங்கிய துட்டு ஆகும். அதன் விலை யாது? விடை கூறுமுன் அதன் தரத்தை அறிதல் வேண்டும்.

காசு கைமாறுந்தோறும் தேய்கின்றது. அத்தேய்வின் அளவைக் கொண்டே நாணய நூலார் தரம் பிரிப்பர். அவர்கள் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் பயிலாதாரை மயக்கும். 'குட்' என்பதற்கு நல்லது என்பது பொருள். ஆயினும், அத்தரத்துக் காசு பெரிதும் தேய்ந்து, உருவத்தின் புறக்கோடு மட்டுமே எஞ்சியிருக்கும். 'ஃபைன்' என்பது நடுத்தரத் தேய்வுடையது. மேடான இடங்களில் மட்டும் சிறிதே தேய்ந்தது 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' எனப்படும். புழக்கத்தின் தேய்வே படாதது 'அன்சர்குலேட்டட்'. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949ஆம் ஆண்டில், இத்தரங்களை 1 முதல் 70 வரையுள்ள எண்களால் குறிக்கும் முறையை வகுத்தார்.

கையால் அடிக்கப்பெற்ற பழங்காசுகளில் அச்சுச் சரிவரப் பதியாமையும் உண்டு. ஒரு பகுதி கூர்மையாகவும் அடுத்த பகுதி வெறுமையாகவும் இருப்பின், அது பெரும்பாலும் அச்சின் குறையே, தேய்வன்று. மேலும், தரம் ஒன்றே விலையை உறுதிசெய்வதில்லை. எங்கும் கிடைக்கும் காசு நன்னிலையில் இருப்பினும் சிறுவிலையே பெறும். அரிய காசு தேய்ந்திருப்பினும் பலர் அதனை விரும்புவர்.

இனி, ஓர் எச்சரிக்கை. செப்புக்குடத்தைத் துலக்குவதுபோலப் பழங்காசையும் புளியிட்டுத் துலக்குவார் உளர். புளியின் அமிலம், காலம் அளித்த பழுப்புப் படலத்தைக் கரைத்துவிடும். தேய்க்குந்தோறும் எழுத்தும் மழுங்கும். காசு பளபளக்கும், மதிப்போ குன்றும். ஒரு நாழிகையில் இழந்ததை எத்துணைப் பொருள் கொடுத்தாலும் மீட்டல் இயலாது.

காசு கிடைத்த இடமும் மதிப்புடையதே. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மண்ணடுக்குகளின் காலத்தை அறிய உதவியவை இத்தாலி நாட்டு மட்கல ஓடுகள். சந்தையில் விலைபோகா ஓடுகள் வரலாற்றுக்கு விளக்காயின. ஆதலின் மாணவர்களே, பழங்காசு கிடைப்பின் அதனைத் தேய்க்காதீர். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அரசு அலுவலர்க்கு அறிவியுங்கள். விலை ஒருவருக்கு உரியது. வரலாறு யாவர்க்கும் உரியது.