உங்களுக்குத் தெரியுமா? ஆற்றில் இறங்கும் எண்ணெய்

2023 டிசம்பரில் தமிழ்நாட்டின் இரண்டு கோடியிலும் வெள்ளம். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு, குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்து, ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தைத் தீவாக்கியது. உயிரும் உடைமையும் போயின. ஆனாலும் வெள்ளம் வடிந்த பின் நமக்கு நம் ஆறு திரும்பக் கிடைத்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, மிக்ஜாம் புயலின்போது, எண்ணூர்க்காரர்களுக்கு வந்த வெள்ளம் எண்ணெயையும் சுமந்து வந்தது.

★

மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வளாகத்தில் இருந்த எண்ணெயை மழைவெள்ளம் அள்ளிக்கொண்டு பக்கிங்காம் கால்வாயில் சேர்த்தது. அங்கிருந்து கொசஸ்தலை ஆறு, பிறகு எண்ணூர் முகத்துவாரம், கடல். ஆலையின் மழைநீர் வடிகால் ஏற்பாடு போதாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. சுமார் 20 சதுர கிலோமீட்டரில் எண்ணெய் பரவியிருந்ததாகக் கடலோரக் காவல்படை சொன்னது. கையுறைகூட இல்லாமல் வாளியிலும் மக்கிலும் அதை அள்ளியவர்கள் அந்த ஊர் மீனவர்கள். அரசின் நிவாரணக் கணக்கில் 2,301 மீனவக் குடும்பங்களும் 787 படகுகளும் இருந்தன. அந்தக் காட்சிகளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

★

ஒரு லிட்டர் டீசல், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்தில் பரவினால் 25 சென்ட் தண்ணீரை மூடிவிடும். வானவில் போல மின்னுகிறதே, அந்தப் படலம் ஏறத்தாழ இந்தக் கனம்தான். பெஞ்சமின் பிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, அது அரை ஏக்கர் வரை பரவியதைப் பார்த்து எழுதி வைத்தார்.

★

எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றி ஒரு தடுப்புச் சுவர் இருக்குமே, அதற்கு ஒரு கணக்கு உண்டு: உள்ளே இருப்பதிலேயே பெரிய தொட்டி மொத்தமாக உடைந்தாலும் அதன் எண்ணெய் முழுவதும் சுவருக்குள் அடங்க வேண்டும்.

சுவர் இருந்தும் அடங்காமல் போனது ஒருமுறை. 1988 ஜனவரி 2, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அருகே புளோரெஃப். சுமார் ஒன்றரைக் கோடி லிட்டர் கொள்ளும் டீசல் தொட்டி. 40 ஆண்டு பழைய இரும்புத் தகடுகளைக் கொண்டுவந்து மறுபடி பொருத்தியது. நிரப்பும்போதே பிளந்தது. தகட்டில் இருந்த ஒரு சின்னப் பழுதுதான் காரணம். டீசல் அலையாக எழும்பிச் சுவரைத் தாண்டியது. தாண்டியது தரையிலேயே நின்றிருந்தால் ஆறு பிழைத்திருக்கும். பக்கத்தில் மூடாமல் கிடந்த ஒரு மழைநீர் வடிகால் அதை நேரே மொனங்கஹேலா ஆற்றில் கொண்டு விட்டது. அங்கிருந்து ஒஹையோ ஆற்றுக்கும் போனது. சுமார் பத்து லட்சம் பேரின் குடிநீர் கெட்டது.

மணலியிலும் வடிகால், புளோரெஃப்பிலும் வடிகால்.

★

ஆற்றில் எண்ணெயை மறிக்க மிதவைத் தடுப்பு போடுவார்கள். நீரோட்டம் நொடிக்கு ஓரடிக்குச் சற்று மேலே போனாலே, குறுக்கே போட்ட மிதவைக்கு அடியில் எண்ணெய் நழுவிவிடும். அதனால் ஆற்றில் சாய்வாகத்தான் போடுவார்கள். ஐப்பசி, கார்த்திகைத் தாமிரபரணியின் வேகம் நமக்குத் தெரியும்.

★

எண்ணூரில் உடம்பெல்லாம் கறுத்து நின்ற பறவைகளில் கூழைக்கடாவும் உண்டு. நம் கூந்தன்குளத்தில் கூடு கட்டும் அதே இனம். எண்ணெய் பட்டால் இறகிழைகள் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தோல் வரை இறங்கும், பறவை குளிரில் நடுங்கும். அலகால் கோதிக் கோதியே எண்ணெயை விழுங்கிவிடும்.

★

யாழ்ப்பாணத்தில் சொல்லும்படி ஆறே இல்லை, கிணறுதான் எல்லாம். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுண்ணாம்புப் பாறை வழியே கிணறுகளில் இறங்கியது. 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் (இலங்கைப் பணம்) இழப்பீடு கட்டச் சொன்னது. கிணற்றில் எண்ணெய் மிதந்தால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும்!

★

ரஷ்யாவின் நோரில்ஸ்க், 2020 மே 29. தொட்டி உடைந்து 21,000 டன் டீசல் வெளியேறியது, பெரும்பகுதி ஆறுகளில்.

★

புன்னைக்காயலில் தாமிரபரணி கடலைத் தொடும் இடத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. பென்சில் நட்டது போல் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பவை அவற்றின் மூச்சு வேர்கள். அந்த வேரின் துளைகளை எண்ணெய் அடைத்தால் மரத்துக்கு மூச்சு முட்டும்.

★

தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிந்து வயலுக்குப் போகிறது. மேலே ஓரிடத்தில் எண்ணெய் இறங்கினால், கீழே மதகை அடைக்கச் சொல்லும் தகவல் எண்ணெய்க்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். நாம் குடிக்கும் தண்ணீரோ ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து வருகிறது. ஆற்று மணல் கலங்கலை வடிகட்டும். டீசலிலிருந்து தண்ணீரில் கரைந்துவிட்ட பென்சீன் மணலில் தங்காது.