பெயர் கைமாறினால் தரமும் மாறுமா? திங்க்பேட் மடிக்கணினி சொல்லும் வியாபாரப் பாடம்

கணினி வியாபாரம் செய்வோர் மத்தியிலும், காரியாலயத்துக்கு ஐந்து பத்து மடிக்கணினிகளை ஒன்றாகக் கொள்வனவு செய்வோர் மத்தியிலும் நீண்ட காலமாக ஒரு பேச்சு இருந்து வருகிறது. "ஐ.பி.எம். செய்த காலத்தில் திங்க்பேட் இரும்பு மாதிரி இருந்தது. சீனக் கம்பனி வாங்கிய நாளோடு தரம் போய்விட்டது" என்பதே அது.

இது வெறும் பேச்சோடு நின்றால் பரவாயில்லை. ஆனால் இதை நம்பிப் பழைய சரக்குக்கு அதிக விலை கொடுப்பவரும் இருக்கிறார், புதிய சரக்கை எடுக்கத் தயங்கி வாடிக்கையாளரை அடுத்த கடைக்கு அனுப்பிவிடுபவரும் இருக்கிறார். அதுமட்டுமன்றி, மின்விசிறி, தையல் இயந்திரம், கைக்கடிகாரம் என்று நாம் முகவராக இருந்து விற்கும் எந்தப் பெயரும் நாளை வேறு ஒருவர் கைக்குப் போகலாம். அப்போது வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும். எனவே இந்தக் கேள்வியை உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு, நடந்தவற்றை வைத்து ஆராய்வது நல்லது.

விற்றது ஏன்?

ஐ.பி.எம். நிறுவனம் திங்க்பேட்டை அறிமுகப்படுத்தியது 1992 ஒக்டோபரில். அன்று வந்த 700சி என்ற மாதிரியின் விலை 4,350 அமெரிக்க டொலர். ரிச்சர்ட் சாப்பர் என்ற வடிவமைப்பாளர் கொடுத்த கறுப்புப் பெட்டி போன்ற தோற்றமும், கீபோர்டின் நடுவில் இருந்த சிவப்புக் குமிழும் அதன் அடையாளங்களாயின. ஜப்பானின் யமாட்டோ ஆய்வுகூடத்தில் அரிமாசா நைட்டோ தலைமையிலான பொறியியலாளர்கள் அதை உருவாக்கினார்கள்.

2004 டிசம்பரில் தனது தனிநபர் கணினிப் பிரிவை லெனோவோவுக்கு விற்கப் போவதாக ஐ.பி.எம். அறிவித்தது. 2005 மே மாதம் கைமாற்றம் முடிந்தது. ரொக்கமும் பங்குகளுமாக 125 கோடி டொலர் கொடுத்த லெனோவோ, 50 கோடி டொலர் கடன் பொறுப்புகளையும் ஏற்றுக்கொண்டது. ஐ.பி.எம்.முக்கு லெனோவோவில் 18.9 சதவீதப் பங்கு கிடைத்தது. ஐ.பி.எம். பெயரை ஐந்து ஆண்டுகள் வரை பாவிக்கும் உரிமையும் லெனோவோவுக்குக் கொடுக்கப்பட்டது.

பேர் போன பொருளை ஐ.பி.எம். ஏன் விற்றது? கணக்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. 2001 முதல் 2004 நடுப்பகுதி வரையான மூன்றரை ஆண்டுகளில் அந்தப் பிரிவு 96 கோடி டொலருக்கும் மேல் நட்டப்பட்டிருந்தது. நட்டத்தில் ஓடும் தொழிலில் நல்ல சாமானைத் தொடர்ந்து செய்வது எந்த முதலாளிக்கும் இலகுவல்ல. பழைய உரிமையாளர் கையிலேயே இருந்திருந்தால் தரம் அப்படியே இருந்திருக்கும் என்று நாம் நினைப்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

'சீனச் சாமான்' என்ற குற்றச்சாட்டு

இங்கே பலர் அறியாத ஒரு விடயம் உண்டு. திங்க்பேட் சீனாவில் செய்யப்படத் தொடங்கியது லெனோவோ வாங்கிய பின்னர் அல்ல. சீனாவின் கிரேட் வோல் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து ஷென்சென் நகரில் ஐ.பி.எம். நடத்திய தொழிற்சாலையில், கைமாற்றத்துக்கு முன்பிருந்தே திங்க்பேட்கள் செய்யப்பட்டு வந்தன. "ஐ.பி.எம். காலத்துச் சாமான்" என்று நாம் மெச்சிய பலவற்றின் அடியில் சீனாவில் தயாரிக்கப்பட்டது என்றே எழுதியிருந்தது.

மாறாக, மாறாமல் இருந்தவை எவை என்று பாருங்கள். யமாட்டோ பொறியியலாளர்கள் லெனோவோவுக்குப் போனார்கள். நைட்டோ போனார். சாப்பர் ஆலோசகராகத் தொடர்ந்தார். தொழிற்சாலையும் தொடர்ந்தது. மாறியது பங்குப் பத்திரத்தில் இருந்த பெயர்தான்.

2006 ஆம் ஆண்டில் டி60 வந்தது. லெனோவோ காலத்தின் முதலாவது பெரிய புதிய தலைமுறை இதுவே. இதன் உடலுக்குள் மக்னீசிய உலோகச் சட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. கையில் தூக்கும்போது உடல் வளைந்து மதர்போட் பாதிக்கப்படாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. 2007 இல் வந்த டி61 இன் சில மாதிரிகளில் திரை மூடிக்குள்ளும் இப்படி ஒரு சட்டம் வைக்கப்பட்டது. தரத்தைக் கைவிட முடிவெடுத்த முதலாளி செய்யும் செலவு அல்ல இது. ஐ.பி.எம். முத்திரையையும் குறித்த ஐந்தாண்டு முடியும் முன்னரே லெனோவோ நீக்கிவிட்டது. இரவல் பெயர் இல்லாமலே விற்க முடியும் என்ற நம்பிக்கை அதற்கு வந்துவிட்டது. 2013 இல் உலகில் அதிக கணினிகளை விற்கும் நிறுவனமாகவும் அது உயர்ந்தது.

பின்னர் வந்த மாற்றங்கள்

அப்படியானால் பழைய பாவனையாளர்கள் சொல்வதெல்லாம் பொய்யா? அதுவும் இல்லை. 2012 இல், ஏழு வரிசை கொண்ட பேர் போன கீபோர்ட் டி430 போன்ற மாதிரிகளில் ஆறு வரிசையாக்கப்பட்டது. 2013 இல் வந்த டி440 தலைமுறையில் சிவப்புக் குமிழுக்கான தனிப் பொத்தான்களையும் எடுத்துவிட்டார்கள். பாவனையாளர்களின் எதிர்ப்பு பலமாக இருந்ததால் 2015 இல் டி450 உடன் பொத்தான்கள் திரும்பி வந்தன. 2017 இல் திங்க்பேட்டின் 25 ஆண்டு நிறைவுக்கு வெளியிட்ட விசேட மாதிரிக்குப் பழைய ஏழு வரிசைக் கீபோர்டையே பொருத்தினார்கள்.

ஆனால் இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். கைமாறி ஏழு எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே இவை நடந்தன. அந்தக் காலத்தில் மெல்லிய உடல், அகன்ற திரை, உள்ளே மூடி வைத்த பெட்டரி என்று எல்லாக் கம்பனிகளுமே ஒரே திசையில்தான் போயின. எல்லோருக்கும் பொதுவான மாற்றத்தை ஒரு முதலாளியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல.

உள்ளே இருக்கும் உதிரிப்பாகத்தால் வரும் பழுதும் அப்படித்தான். 2008 இல் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கு விற்ற தனது சில கிரபிக்ஸ் சிப்களின் உறைப் பொருளில் பலவீனம் இருப்பதை ஒப்புக்கொண்டு, திருத்தச் செலவுக்காக 20 கோடி டொலர் அளவில் ஒதுக்கியது. டெல், எச்.பி., அப்பிள் என்று பல பெயர்களில் வந்த கணினிகள் அதனால் பாதிக்கப்பட்டன. அந்தச் சிப் இருந்த டி61 களும் தப்பவில்லை. திரை இருண்டுபோன டி61 ஐக் கையில் வைத்திருந்தவருக்கு அது லெனோவோவின் குற்றமாகத்தான் தெரிந்திருக்கும்.

பழைய முதலாளி கையிலேயே தரம் விழுந்த கதையும் உண்டு. ஐ.பி.எம். செய்த டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்ற ஹாட் டிஸ்க் 2000, 2001 காலத்தில் அதிகமாகப் பழுதாகி, அமெரிக்காவில் வழக்கு வரை போனது. அதன் பின்னரே, 2002 இல், ஹாட் டிஸ்க் பிரிவை ஹிட்டாச்சிக்கு விற்கும் உடன்பாடு நடந்தது. ஹிட்டாச்சியின் கையில் அதே டிஸ்க் வரிசை மீண்டும் நல்ல பெயர் எடுத்தது.

உண்மையான ஆபத்து எங்கே?

ஒரு பெயரை வாங்கியவர் அதற்காகப் பெரிய தொகை கொடுத்திருக்கிறார். அந்தப் பணத்தை எடுப்பதற்கு இலகுவான வழி, அதே பெயரைக் குறைந்த விலைச் சாமானிலும் ஒட்டுவதுதான். லெனோவோ 2008 இல் சாதாரணப் பாவனையாளருக்காக ஐடியாபேட் என்ற தனிப் பெயரைக் கொண்டு வந்தது. ஆனால் 2010 இல் திங்க்பேட் எட்ஜ் என்ற மலிவு வரிசையையும் இறக்கியது. இதையும் புதிய முதலாளியின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. 1990 களின் இறுதியில் ஐ.பி.எம்.மும் ஏசர் நிறுவனத்துடன் சேர்ந்து திங்க்பேட் 'ஐ' வரிசையைச் செய்தது. எது எப்படியோ, ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று தரங்கள் வந்துவிட்டன. உலோகச் சட்டம் உள்ள டி வரிசையையும் மலிவு வரிசையையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் "திங்க்பேட் கெட்டுவிட்டது" என்றார்கள்.

கொம்பாக்கின் கதை இன்னும் தெளிவானது. 2002 இல் எச்.பி. அதை வாங்கியது. காலப்போக்கில் கொம்பாக் என்பது மலிவு வரிசையின் பெயராகச் சுருங்கி, 2013 அளவில் எச்.பி.யின் பட்டியலிலிருந்தே மறைந்தது.

மற்றொரு ஆபத்து, சாமான் நன்றாக இருந்தும் சந்தையில் கிடைக்காமல் போவது. சோனி 2014 இல் வையோவை ஜப்பானிய முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. நாகனோ மாகாணத்தின் அசுமினோ தொழிற்சாலை தொடர்ந்து இயங்கியது, வேலைப்பாடும் நன்றாகவே இருந்தது. ஆனால் ஆரம்பத்தில் ஜப்பானுக்குள் மட்டுமே விற்றார்கள். வெளிநாடுகளில் வையோ விற்ற வியாபாரிக்குத் தரம் இருந்தும் பிரயோசனம் இல்லாமல் போனது. தொஷிபா, அணுமின் தொழிலில் ஏற்பட்ட பெரும் நட்டத்துக்குப் பின்னர் 2018 இல் கணினிப் பிரிவின் 80.1 சதவீதத்தை ஷார்ப்புக்கு விற்றது. 2019 இல் அதன் பெயர் டைனாபுக் ஆனது. மடிக்கணினியைச் செய்தவர்கள் செய்த தவறு அல்ல அது. ஆனாலும் பெட்டியில் இருந்த பெயரே போய்விட்டது.

வர்த்தகர் பார்க்க வேண்டியவை

ஒரு பெயர் கைமாறியது என்று செய்தி வந்தால் பதறி முடிவெடுக்க வேண்டாம். பின்வரும் ஐந்தையும் விசாரியுங்கள்.

1. வடிவமைத்தவர்களும் தொழிற்சாலையும் புதிய முதலாளியோடு போனார்களா? போனார்கள் என்றால் தரம் உடனே மாறாது. முதல் ஓராண்டில் வருவது பெரும்பாலும் பழைய முதலாளி காலத்தில் திட்டமிட்ட சாமானே.

2. அதே பெயரில் புதிதாக மலிவு வரிசை வந்திருக்கிறதா? பெயரைச் சொல்லி ஓடர் கொடுக்காமல் வரிசையையும் மாதிரி இலக்கத்தையும் சொல்லிக் கொடுங்கள்.

3. உத்தரவாதத்தை யார் ஏற்கிறார்? திங்க்பேட் கைமாறியபோது திருத்த வேலைகளை ஐ.பி.எம்.மின் சேவைப் பிரிவே தொடர்ந்து செய்யும் என்று உடன்பாடு இருந்தது. அதனால் காரியாலய வாடிக்கையாளர்கள் பயப்படவில்லை. எல்லாக் கைமாற்றத்திலும் அப்படி இருக்காது. உள்ளூர் முகவரிடம் எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.

4. பெட்டரி, சார்ஜர், கீபோர்ட், திரையின் பிணைச்சல் ஆகிய நான்கும் இன்னும் இரண்டு மூன்று வருடங்களுக்குக் கிடைக்குமா? பாவித்த சரக்கை விற்பவருக்கு இது பெயரை விட முக்கியம்.

5. உள்ளே ஏற்றியுள்ள மென்பொருள் என்ன? 2014 செப்டெம்பர் முதல் சில மாதங்கள் லெனோவோவின் சாதாரணப் பாவனை வரிசைகளில் சுப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் ஏற்றி அனுப்பப்பட்டது. அது பாதுகாப்புக்கு ஆபத்தானது என்று 2015 இல் தெரிய வந்தது. 2017 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுடன் லெனோவோ இணக்கத்துக்கு வர வேண்டியிருந்தது. திங்க்பேட்களில் அதை ஏற்றவில்லை என்று கம்பனி சொன்னது. உடல் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. மொத்தமாக எடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் வாங்கி, மூடியைப் பல முறை திறந்து மூடி, ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி, பல மணி நேரம் இயக்கிப் பாருங்கள். யூனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கிக் கேட்கும் அபிப்பிராயத்தை விட அந்த ஒரு சாமான் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்திருந்தும் உள்ளே ஈரமாக இருந்ததைக் கண்டு, அதை மறைத்து வைத்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட புத்தி. இன்று பெட்டியின் மேல் இருக்கும் பெயர் குவியலின் மேல்பகுதி போன்றது. வாங்கும்போது உள்ளே கையை விட்டுப் பார்ப்பது நமது பணத்துக்குப் பாதுகாப்பு. விற்கும்போது எந்த வரிசை, எந்த ஆண்டு, என்ன குறை என்பதை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்வது நம்மிடம் உள்ள அமானிதம். கம்பனிகளின் பெயர்கள் எத்தனை முறை கைமாறினாலும், நமது கடையின் பெயர் நம் கையில்தான் இருக்கிறது.