'ஆர்ட் சில்க்' என்றால் கலைப் பட்டா? காஞ்சிபுரம் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆங்கிலச் சொல்!

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களுக்குப் பட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்டர், முந்தானை, புட்டா, ஜரிகை என்று பாட்டிமார்கள் வரிசையாக அலசிவிடுவார்கள். ஆனால், விலைச் சீட்டில் இருக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று பலரைக் குழப்பிவிடுகிறது. அது, 'ஆர்ட்'.

'ஆர்ட்' என்றால் கலை என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறோம். அதனால் 'ஆர்ட் சில்க்' என்று பார்த்ததும், கலைநயத்தோடு நெய்த பட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இது 'ஆர்ட்டிஃபிஷியல்' என்ற நீளமான சொல்லின் சுருக்கம். ஆர்ட் சில்க் என்றால், செயற்கைப் பட்டு!

பெயர் வந்த கதை

1889-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், தாவரச் செல்லுலோஸிலிருந்து எடுத்த பளபளப்பான இழையைக் காட்சிக்கு வைத்தார் பிரான்ஸ் நாட்டின் ஷார்டோனே. அப்படிப்பட்ட இழைகளுக்கு 'செயற்கைப் பட்டு' என்ற பெயர் பரவியது. 1924-ல் அமெரிக்காவில் 'ரேயான்' என்ற புதுப்பெயர் வந்துவிட்டது. நம் ஊர்ச் சந்தையிலோ பழைய பெயரின் சுருக்கம் இன்றும் நிற்கிறது. பாலியஸ்டர் துணியும் இதே பெயரில் விற்பனையாகிறது.

செயற்கை வேறு, போலி வேறு

'ஆர்ட்', 'ஆர்ட்டிஃபிஷியல்' இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். திறமை என்று பொருள்படும் 'ஆர்ஸ்' என்ற லத்தீன் சொல். கைவினைஞரைக் குறிக்கும் 'ஆர்ட்டிசன்' என்ற சொல்லும் இதே குடும்பம். ஒரு காலத்தில் 'ஆர்ட்டிஃபிஷியல்' என்றால், திறமையாகச் செய்யப்பட்டது என்ற பாராட்டாகவும் இருந்தது!

இப்போது அதற்குப் பொருள், இயற்கையானது அல்ல, மனிதர் செய்தது. 'ஃபேக்' என்பதோ ஏமாற்றுவதற்காகச் செய்தது. செயற்கைக் காலை 'ஆர்ட்டிஃபிஷியல் லிம்ப்' என்போம். போலிக் கால் என்று யாரும் சொல்வதில்லை. அதேபோல, ஆர்ட் சில்க்கை ஆர்ட் சில்க் என்றே சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால் தவறில்லை. அசல் பட்டு என்று சொல்லி விற்றால்தான் மோசடி.

'டெஸ்டட் ஜரி' என்ற பெயரும் இப்படித்தான் குழப்பும். தரம் சோதித்த ஜரிகை என்று தோன்றும். ஆனால், அது செம்பை அடிப்படையாகக் கொண்ட, விலை குறைந்த ஜரிகை. அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பார்கள்.

வாங்கும்போது கவனிக்க...

* மத்திய பட்டு வாரியம் 2004-ல் அறிமுகப்படுத்திய 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

* சந்தேகம் இருந்தால், ஓரத்தில் தொங்கும் நூலில் ஓரிரு இழைகளை மட்டும் எடுத்துப் பாதுகாப்பாக எரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசல் பட்டு, முடி கருகும் வாசனை தரும். சாம்பல் விரலில் நொறுங்கும். ரேயான், காகிதம் எரியும் வாசனை தரும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான உருண்டையாகும்.

* பில்லில் 'ப்யூர் சில்க்' என்று எழுதி வாங்குங்கள். ஜரிகையின் வகையையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும், பெயரைப் பார்த்து ஏமாந்து செயற்கைப் பட்டுக்கு நாம் கொடுக்கும் பணம், பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் வைத்து நாள்கணக்கில் ஒரே புடவையை நெய்யும் நெசவாளியின் கூலியில்தான் குறைகிறது. அடுத்த முறை சீட்டில் 'ஆர்ட்' என்று பார்த்தால், "இது பட்டா, செயற்கைப் பட்டா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்!