கிரைண்டர் கையும் பாய்மரத்து முட்டுக்கழியும்

மதுரை கோரிப்பாளையத்து இட்லிக் கடைகளில் மாவாட்டும் பெரிய கிரைண்டரைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுவது கல்தொட்டி. குழவி இடம் மாறாமல், நின்ற இடத்திலேயே உருளும். தொட்டி அதைத் தன்னோடு இழுத்துப் போகப் பார்க்கிறது. பக்கத்துத் தூணிலிருந்து நீளும் இரும்புக் கை விடுவதில்லை. அப்படித் தடுக்கும் விசை கை வழியே ஓடித் தூணில் போய் முட்டுகிறது. அதனால் கையைவிட, அது தூணில் மாட்டியிருக்கும் இடம்தான் முதலில் தேயும். அங்கே போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலே 'டக் டக்' என்று சத்தம் வந்துவிடும்.

பின்காற்றில் ஓடும் பாய்மரப் படகில் முட்டுக்கழி பொருத்துவதும் இதே கணக்குதான். குழவி இருக்கும் இடத்தில் பாயின் மூலை, கை இருக்கும் இடத்தில் கழி, தூண் இருக்கும் இடத்தில் பாய்மரம்.

கழி எதற்கு?

நவீனப் படகின் முன்பாய் முக்கோணமானது. அதன் முன்விளிம்பு கம்பிவடத்தில் நிற்கும்; மூன்றாவது மூலையைப் பிடிப்பது தாமான் கயிறு மட்டுமே. காற்று முதுகுப்பக்கம் வரும்போது பெரிய பாய் முன்பாயை மறைக்கிறது, படகும் இருபுறமும் உருள்கிறது. முன்பாய் சுருங்கி, படாரென விரிந்து, மறுபடி சுருங்கும். பருமல் என்ற குறுக்குக்கழி கட்டிய பழைய தோணிகளில் பாயின் ஒரு விளிம்பைப் பருமலே விரித்துப் பிடித்திருக்கும். முன்பாய்க்குப் பருமல் இல்லை. அதனால் பாய்மரத்திலிருந்து ஒரு கழியை நீட்டி, அந்த மூலையை வெளியே தள்ளி நிறுத்துகிறார்கள்.

நெடும்பயணத்தில் பின்காற்று நாள்கணக்கில் விடாது. கடற்படை அதிகாரிகளான, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், இந்தியக் கடற்படையின் 17 மீட்டர் படகான தாரிணியில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பினார்கள். உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். தென்கடலில் மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறவர்களுக்கு அங்கே வீசும் மேலைக் காற்று பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும். தாரிணியில் பின்காற்றுக்கென்றே தனிப் பாய் உண்டு.

எவ்வளவு விசை?

பாயின் மேல் படும் காற்று மணிக்கு 37 கிலோமீட்டர், அதாவது 20 நாட் என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை கிலோ அழுத்தம். 30 சதுர மீட்டர் பாய்க்கு 200 கிலோ அளவில் வரும். காற்றின் வேகம் இரட்டித்தால் இது நான்கு மடங்காகும். இதில் ஒரு பங்கு கழி வழியே பாய்மரத்தைக் குத்துகிறது. கழியை முன்பக்கம் கொண்டுபோகப் போக, அதைப் பின்னிழுக்கும் கயிற்றுக்கும் கழிக்கும் இடையிலுள்ள கோணம் குறுகும், குத்தும் விசை ஏறும்.

எங்கே பொருத்துவது?

குழவிக்குத் தக்க உயரத்தில் கை இல்லையென்றால் குழவி சாய்ந்து நிற்கும். கழியும் அப்படியே: பாயின் மூலை நிற்கும் உயரத்தில், படகின் தளத்துக்கு இணையாக நீள வேண்டும். 420, 470 போன்ற சிறிய பந்தயப் படகுகளுக்குப் பாய்மரத்தின் முன்முகத்தில் ஒரு வளையம் போதும். பெரிய படகில் பாய்கள் மாறும், மூலையின் உயரமும் மாறும். எனவே வளையத்துக்குப் பதில் ஒரு தண்டவாளமும் அதில் ஏறி இறங்கும் வண்டியும் வைப்பார்கள். தண்டவாளம் நீளமாக இருந்தால், வேலை முடிந்ததும் கழியைப் பாய்மரத்தோடு ஒட்டி நிமிர்த்தி வைத்துவிடலாம்.

கிரைண்டர் கை ஒரு நிலையிலேயே நிற்கும். கழி அப்படியல்ல, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடும். எனவே வண்டியின் மூட்டு இரு திசையிலும் திரும்ப வேண்டும். கழியின் வெளிமுனைக்கு மூன்று கயிறுகள் தேவை: மேலே தூக்க ஒன்று, கீழே இறுக்க ஒன்று, பின்னால் இழுக்க ஒன்று. தூக்கும் கயிற்றுக்கான கப்பியையும் பாய்மரத்தில்தான், வண்டிக்கு மேலே நல்ல உயரத்தில் பொருத்த வேண்டும்.

துளை போடும்போது

பாய்மரம் பெரும்பாலும் உள்ளே காலியான அலுமினியக் குழாய். பாயேற்றும் ஆஞ்சான் கயிறுகளும் விளக்குக்கான ஒயரும் அதற்குள்தான் ஓடும். டிரில் பிட்டில் ஒட்டுநாடா சுற்றி ஆழத்துக்கு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எம்6 திருகுக்கு 5 மில்லிமீட்டர் துளை போட்டு, மரைவெட்டியை விட்டு மரை வெட்ட வேண்டும். திருகு நீளமாக இருந்தால் உள்ளே நீட்டிய நுனி ஆஞ்சானை அறுக்கும். துளைகளைக் குறுக்கே ஒரே வரிசையில் போடாதீர்கள். குழாய் அந்தக் கோட்டில்தான் பலம் இழக்கும்.

காற்று தள்ளும்வரை வண்டி பாய்மரத்தோடு அழுந்தியே இருக்கும், திருகுகளுக்கு அதிகச் சிரமமில்லை. படகு உருண்டு கழியின் நுனி அலையில் மாட்டும்போதுதான் திருகுகள் பிடுங்கப்படுகின்றன. அவற்றின் எண்ணிக்கையையும் தடிமனையும் அந்த நொடியை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது உப்பு. துருப்பிடிக்காத எஃகுத் திருகும் அலுமினியமும் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். மரையைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பும். திருகு ஒவ்வொன்றிலும் காப்புப் பசை தடவி, எஃகு உறுப்புகளுக்கு அடியில் பிளாஸ்டிக் தகடும் வைத்தால் இது வெகுவாகக் குறையும்.

முதல் ஓட்டம்

துறைமுகத்துக்குள், மென்காற்றில் சோதியுங்கள். முதலில் கழியை மூன்று கயிறுகளாலும் அசையாமல் நிறுத்துங்கள். பாயை அதற்குப் பிறகே விரியுங்கள். இறக்கும்போது பாய் முதலில், கழி கடைசியில். கரைக்கு வந்ததும் ஒவ்வொரு திருகையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஒன்று கால் சுற்று திரும்பினாலும், கழியைக் குறை சொல்லாமல் அந்தத் துளையைத் திறந்து பாருங்கள்.